முன்னால் சிறகு, பின்னால் விசிறி: என் உளவு விமானத்தின் கோளாறுகளும் வைத்தியமும்

இப்படியொரு விமானம் எந்த நாட்டிடமும் இருந்ததில்லை. 1940களில் யாராவது சோதனைக்காக ஓர் உளவு விமானம் கட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நோட்டில் கிறுக்கியது இது. மூக்கருகே சின்னச் சிறகு, பின்னால் பெரிய சிறகு, அதற்கும் பின்னால் தள்ளுகிற ப்ராப் (ப்ரொப்பல்லர் விசிறி), வயிற்றுக்கு அடியில் கேமரா. அதை ஃபோம் போர்டில் வெட்டி ஒட்டி ரேடியோ கன்ட்ரோல் மாடலாக்கி மூன்று வருடம் ஆகிறது. இதுவரை நான்கு உடம்பு மாறிவிட்டது. மோட்டார் மட்டும் அதே மோட்டார்.

முன்னால் இருக்கும் சின்னச் சிறகுக்குக் கனார்டு என்று பெயர். பிரெஞ்சில் வாத்து என்று பொருள். கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கும் வாத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் ஏன் என்று புரியும். இங்கே முன்சிறகு என்றே எழுதுகிறேன்.

கீழே வரும் அளவுகள் என் விமானத்தினுடையவை. பெரிய சிறகு 1200 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம், பின்னால் சாயாத நேர்ச்சிறகு. முன்சிறகு 500க்கு 100. இரண்டின் முன்விளிம்புகளுக்கும் இடையே 525 மி.மீ. மொத்த எடை 900 கிராம். 2212 மோட்டார், 8×4 அங்குல ப்ராப், 3 செல் 2200 எம்ஏஎச் பேட்டரி. மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் முன்சிறகில், பக்கவாட்டில் சாய்க்கும் எய்லரான் பெரிய சிறகில், சிறகு நுனிகளில் நிமிர்ந்த துடுப்புகள். உங்களுடையது இதே வடிவத்தில் பெரிதோ சின்னதோ என்றால் விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிறகு பின்னால் சாய்ந்திருந்தால் எடை சமநிலைக் கணக்கு மாறும், என் எண்களை எடுக்காதீர்கள்.

மேசையில் வைத்துச் செய்யும் எந்தச் சோதனைக்கும் முதலில் ப்ராப்பைக் கழற்றுங்கள். என் இடது கட்டைவிரலில் இருக்கும் தழும்பைப் பார்த்திருந்தால் இதை இரண்டு முறை எழுதச் சொல்வீர்கள்.

கையை விட்டதும் மூக்கைத் தூக்கி, புரண்டு விழுகிறது

என்னிடம் விமானத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் பாதிப் பேர் சொல்வது இதுதான். பெரும்பாலும் அதற்குள் புது சர்வோ (எலிவேட்டரை அசைக்கும் குட்டி மோட்டார்), புது ரிசீவர் எல்லாம் வாங்கி மாட்டியிருப்பார்கள். காசு செலவாகாததிலிருந்து ஆரம்பிப்போம்.

எலிவேட்டர் திசை. வால் உள்ள சாதாரண மாடலில் ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே போகும். இங்கே முன்சிறகின் எலிவேட்டர் கீழே போக வேண்டும். கீழே போனால்தான் முன்சிறகு கூடுதலாகத் தூக்கும், மூக்கு எழும்பும். பழைய பழக்கத்தில் இதைத் தலைகீழாக வைத்துவிட்டால், மூக்கு எழும்பும்போது நீங்கள் அடக்குவதாக நினைத்து ஸ்டிக்கைத் தள்ளுவீர்கள், அது இன்னும் எழும்பும். ரிசீவரில் கைரோ (ஆட்டத்தைத் தானே திருத்தும் கருவி) இருந்தால் அதையும் தனியாகப் பாருங்கள். விமானத்தைக் கையில் பிடித்து மூக்கை வெடுக்கென்று மேலே தூக்கினால் முன்சிறகின் எலிவேட்டர் மேலே துள்ள வேண்டும். கீழே துள்ளினால் கைரோவே உங்கள் விமானத்தைக் கவிழ்க்கிறது. ஸ்டிக் சரியாக இருந்து கைரோ மட்டும் தலைகீழாக இருப்பது சகஜம், அதனால் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது சிஜி, அதாவது விமானத்தைத் தூக்கினால் எடை சமமாக நிற்கும் புள்ளி. பெரிய சிறகுக்கு அடியில் விரலை வைத்துத் தூக்கிப் பழகியவர்களுக்கு இது நம்ப முடியாத இடத்தில் இருக்கும். பெரிய சிறகின் முன்விளிம்புக்கு 75 மி.மீ. முன்னால், சிறகே இல்லாத வெற்று உடம்பில். அங்கே இரண்டு பக்கமும் ஆட்காட்டி விரலை வைத்துத் தூக்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். முதல் பறப்புக்கு 85இல் வையுங்கள், மூக்கு கொஞ்சம் கனத்தால் பரவாயில்லை. 50க்கும் குறைவாக இருந்தால் எறியவே வேண்டாம்.

மோட்டார் கடைசியில் இருப்பதால் எடை எப்போதும் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரியை முன்னால் தள்ளினால் போதாதா என்றால், என் பேட்டரி 180 கிராம், விமானம் 900. பேட்டரியை 10 மி.மீ. தள்ளினால் சிஜி 2 மி.மீ. தான் நகரும். ஆகவே அரை அங்குலம் தள்ளிவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இடம் போதவில்லை என்றால் ஐந்து ரூபாய் நாணயங்களை மூக்கின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டுங்கள். மோட்டார் பக்கம் ஹாட் க்ளூவை அள்ளி அப்புவதையும் நிறுத்துங்கள். என் இரண்டாவது உடம்பில் பின்பக்கம் மட்டும் 40 கிராம் பசை இருந்தது.

பெரிய விமானங்களும் இதில் மாட்டியிருக்கின்றன. கர்டிஸ் எக்ஸ்பி-55 அசெண்டர் என்கிற அமெரிக்கச் சோதனைப் போர் விமானமும் இதே அமைப்புதான், முன்னால் சின்னப் பரப்பு, பின்னால் ப்ராப். 1943 நவம்பர் 15 அன்று ஸ்டால் (வேகம் குறைந்து சிறகு தூக்காமல் போகும் நிலை) சோதனையில் அது மல்லாக்கப் புரண்டு, மீளவே முடியாமல் 16,000 அடி விழுந்து நொறுங்கியது. விமானி பாராசூட்டில் தப்பினார். நம்முடையது 20 அடியிலிருந்து விழுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவது, சிறகுகளின் சாய்வு. வேகம் குறையும்போது முன்சிறகுதான் முதலில் தூக்குவதைக் கைவிட வேண்டும். அது கைவிட்டால் மூக்கு தானாகத் தாழும், வேகம் திரும்ப வரும். பெரிய சிறகு முதலில் கைவிட்டால் பின்பக்கம் தொப்பென்று அமரும், மூக்கு வானத்தைப் பார்க்கும், அப்புறம் புரளல்தான். இதற்காக முன்சிறகைப் பெரிய சிறகைவிட 2 டிகிரி கூடுதலாகத் தூக்கி ஒட்ட வேண்டும். பெரிய சிறகைச் சமமாக வைத்துக்கொண்டு பார்த்தால், முன்சிறகின் முன்விளிம்பு அதன் பின்விளிம்பைவிட மூன்றரை மி.மீ. உயரத்தில் இருக்கும். போனில் உள்ள லெவல் ஆப்பே போதும். ஒரு ஸ்கேலைச் சிறகின் மேல் வைத்து, அதன்மேல் போனை வைத்துப் பாருங்கள். ஒரு முறை மூக்கு குத்தி விழுந்த விமானத்தில் கட்டாயம் பாருங்கள். ஃபோம் போர்டு உடம்பு கண்ணுக்குத் தெரியாமல் முறுக்கிக்கொள்ளும்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் புரள்கிறது என்றால் முன்சிறகு அளவுக்கு மீறிப் பெரியதாக இருக்கலாம். நீளத்தில் பக்கத்துக்கு 30 மி.மீ. வெட்டிப் பாருங்கள். முன்சிறகு சிறுத்தால் சிஜி கொஞ்சம் பின்னால் போகலாம், மூக்கு அளவுக்கு மீறிக் கனத்தால் நாணயத்தைக் குறையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மூன்றாவது முறை எறியாதீர்கள். பத்து வருடமாக மாடல் பறக்கவிடும் ஒருவரிடம் டிரான்ஸ்மிட்டரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் இரண்டு நிமிடத்தில் சொல்வதை நான் இரண்டு மாதம் உடைத்துக் கற்றுக்கொண்டேன்.

தரையில் ஓடிக்கொண்டே இருக்கிறது, மூக்கு எழும்பவே இல்லை

முதலில் ஒரு கேள்வி. கையால் எறிந்தால் ஒழுங்காகப் பறக்கிறதா?

*பறக்கிறது என்றால்* கோளாறு சக்கரத்தில். பின்சக்கரங்கள் சிஜிக்கு வெகு பின்னால் இருந்தால், முன்சிறகு அந்த நீளத்தையும் சேர்த்து மூக்கைத் தூக்க வேண்டும், அதற்கு அவ்வளவு பலம் கிடையாது. என் விமானத்தில் சக்கரம் சிஜிக்கு 60 மி.மீ. பின்னால் இருந்தபோது மைதானம் முடியும்வரை ஓடியது. 25க்குக் கொண்டுவந்ததும் பத்து எட்டில் எழும்பிவிட்டது. அதற்கு முன்னால் புல்லையும் பாருங்கள். கணுக்கால் உயரப் புல்லில் எந்தச் சின்னச் சக்கரமும் ஓடாது. கோடையில் வற்றிய ஏரியின் கெட்டித் தரை மாதிரி இடம் வேறு இல்லை.

*எறிந்தாலும் குப்புற விழுகிறது என்றால்* எலிவேட்டரின் வீச்சைப் பாருங்கள். முழு ஸ்டிக்கில் என்னுடையது 12 மி.மீ. இறங்கும். எலிவேட்டரைத் தள்ளி இழுக்கும் கம்பியான புஷ்ராடைச் சர்வோ கையின் வெளி ஓட்டைக்கு மாற்றினாலே சில சமயம் தீர்ந்துவிடும். அப்புறம் சிஜி. 100 மி.மீ.க்கும் முன்னால் போயிருந்தால் மூக்கு அளவுக்கு மீறிக் கனம்.

எழும்பும்போது படபடவென்று ப்ராப் தரையில் அடித்தால் அது வேறு சங்கதி. மூக்கு எழும்பினால் வால்பக்கம் தாழும், ப்ராப் அங்கேதான் இருக்கிறது. ஜப்பானின் கியூஷூ ஜே7டபிள்யூ ஷின்டெனுக்கு இதேதான் நடந்தது. ஆறு இலை ப்ராப்பைப் பின்னால் வைத்த முன்சிறகுப் போர் விமானம் அது. 1945இல் முதன்முதலாகக் கிளப்பப் பார்த்தபோது மூக்கை அதிகம் தூக்கியதில் ப்ராப் நுனிகள் ஓடுபாதையில் உரசி வளைந்தன. துடுப்புகளின் அடியில் ஆளுக்கொரு சின்னச் சக்கரம் பொருத்தி, ஆகஸ்ட் 3 அன்று பறக்கவிட்டார்கள். நானும் அதையே செய்தேன். ஐஸ் குச்சி ஒன்றைத் துடுப்பின் அடியில் சறுக்குக்கட்டையாக ஒட்டியாயிற்று. செலவு பூஜ்யம்.

சக்கரமே வேண்டாம், கையாலேயே எறிகிறேன் என்றால், பெரிய சிறகுக்கு முன்னால் வயிற்றைப் பிடித்து எறியுங்கள். கையிலிருந்து போன பிறகுதான் த்ராட்டில். எறிகிற கைக்குப் பின்னால்தான் ப்ராப் வருகிறது என்பதை அந்த நேரத்தில் எல்லோரும் மறந்துவிடுகிறோம். மேலே சொன்ன கட்டைவிரல் தழும்பு இப்படி வாங்கியதுதான்.

மூக்கு மேலும் கீழுமாக ஆடுகிறது

மெதுவாகப் பறக்கும்போது மட்டும், ஊஞ்சல் மாதிரி நிதானமாக ஆடினால் கோளாறே இல்லை. முன்சிறகு கைவிடுகிறது, மூக்கு தாழ்கிறது, வேகம் வருகிறது, மறுபடி எழும்புகிறது. நீங்கள் ஸ்டிக்கை அதிகம் இழுத்துப் பிடித்திருக்கிறீர்கள். கொஞ்சம் விடுங்கள், த்ராட்டில் கொடுங்கள். இறங்கும்போது இந்த ஆட்டம் வந்தால் மூக்குச்சக்கரம் போய்விடும், ஆகவே முன்சிறகு விமானத்தைச் சற்று வேகமாகவே இறக்கப் பழகுங்கள்.

எல்லா வேகத்திலும் ஆடினால் சர்வோவையும் எலிவேட்டரையும் இணைக்கும் லிங்கேஜில் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். எலிவேட்டரை விரலால் ஆட்டினால் ஒரு மி.மீ.க்கு மேல் தளரக்கூடாது. அதுவும் இறுக்கமாக இருந்தால் மறுபடி சிஜி பின்னால் போயிருக்கிறது. 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறந்ததும் முன்சிறகு விமானம்தான், அதுவும் இப்படித்தான் ஏறி இறங்கிப் பறந்தது. அடுத்த வருடம் அவர்கள் மூக்கில் இரும்புத் துண்டுகளைக் கட்டிப் பறந்தார்கள். நாம் நாணயம் ஒட்டுவது நூற்றாண்டு கடந்த வைத்தியம்.

ஊஞ்சல் மாதிரி இல்லாமல் குளிரில் நடுங்குவது போல வெடவெடவென்று ஆடினால் கைரோவின் கெயின், அதாவது அது திருத்தும் அளவு, அதிகம். பாதியாகக் குறையுங்கள்.

வால்பக்கம் இடமும் வலமும் அலைகிறது

துடுப்பு போதவில்லை. சிஜியிலிருந்து துடுப்புவரை உள்ள தூரம் வால் உள்ள மாடலைவிட இங்கே குறைவு, அதனால் பரப்பு அதிகம் வேண்டும். பழைய துடுப்பின் மேல் அட்டையை டேப் போட்டு ஒட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள். சரியானால் அந்த அளவில் புதிதாக வெட்டிக்கொள்ளலாம். இரண்டு துடுப்பும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றனவா என்பதையும் பாருங்கள். வேறொன்றும் இல்லை.

மோட்டார் அலறுகிறது, ஆனால் தள்ளவில்லை

ப்ராப்பில் எண் அச்சிட்ட பக்கம் எந்தப் பக்கம் பார்க்கிறது? அது எப்போதும் விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும், அதாவது மூக்கை. தள்ளும் ப்ராப்பில் மோட்டாரும் மூக்குப் பக்கம்தான் இருப்பதால், எண் மோட்டாரைப் பார்த்து மறைந்திருக்கும். வெளியே தெரியும்படி மாட்டினால் அழகாகச் சுற்றும், தள்ளு பாதிகூட இருக்காது.

எண் சரியாக இருந்தும் காற்று முன்னால் வீசினால் மோட்டார் தப்பான பக்கம் சுற்றுகிறது. மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றுங்கள். பேட்டரி வயரை மாற்றிவிடாதீர்கள், புகை வரும்.

சாதாரண ப்ராப்பை இப்படித் திருப்பிச் சுற்றவைத்தால் ஒரு பக்கவிளைவு உண்டு. ஓடும்போது நட்டு இறுகுவதற்குப் பதில் தளரும். ஒரு மாலை என்னோடு பறக்க வரும் தம்பியின் ப்ராப், விமானத்தை விட்டுப் பிரிந்து தனியாகப் பறந்து சீமைக்கருவேலப் புதரில் இறங்கியது. இன்னும் கிடைக்கவில்லை. நைலான் வளையம் உள்ள லாக் நட்டு போடுங்கள், அல்லது எதிர்ச்சுற்றுக்கென்றே ஆர் எழுத்தோடு வரும் ப்ராப்பை வாங்குங்கள், அதில் நட்டு தானாக இறுகும்.

ஊவென்று ஊளைச் சத்தம், கேமரா படம் ஜெல்லி போல் நெளிகிறது

ஊளை முழுக்க கோளாறு இல்லை. பெரிய சிறகைக் கடந்து கலங்கி வரும் காற்றை ப்ராப் வெட்டும்போது சத்தம் வரத்தான் செய்யும். தள்ளும் ப்ராப் வைத்த எல்லா விமானத்துக்கும் இந்தச் சாபம் உண்டு, நிஜ உளவு வேலைக்கு இது ஆகாது. ஆனால் குறைக்கலாம். சிறகின் பின்விளிம்புக்கும் ப்ராப்புக்கும் என்னிடம் 8 மி.மீ. இடைவெளிதான் இருந்தது. மோட்டார் மவுண்டை நீட்டி 25 ஆக்கியதும் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பது நின்றது. மோட்டார் பின்னால் போனதால் சிஜியை மறுபடி பார்க்க மறக்காதீர்கள்.

படம் நெளிவது அதிர்வினால். ப்ராப்பைப் பேலன்ஸ் செய்யுங்கள். நடுத்துளையில் மெல்லிய கம்பி கோத்துப் படுக்கையாகப் பிடித்தால் கனமான இலை கீழே போகும். லேசான இலையின் முதுகில் செல்லோ டேப் துண்டு ஒட்டி, இரண்டும் எங்கே விட்டாலும் நிற்கும்வரை பாருங்கள். அடுத்து கேமராவுக்கு அடியில் பஞ்சு டேப். அப்புறமும் நெளிந்தால் ப்ராப் இல்லாமல் மோட்டாரை மெதுவாகச் சுற்றவிட்டு அதன் அச்சான ஷாஃப்டின் நுனியைப் பக்கவாட்டில் பாருங்கள். நுனி ஒரு புள்ளியாக நிற்காமல் வட்டம் போட்டால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. சுத்தியலால் நிமிர்த்த முயன்று பேரிங்கையும் கெடுத்த அனுபவம் உண்டு. ஷாஃப்ட் மாற்றத் தெரிந்த கடையில் கொடுங்கள், இல்லையென்றால் புது மோட்டார்.

கேமராவோடு கிளம்புவதற்கு முன் மைதானம் முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் வருகிறதா என்று ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். யாராவது கேட்டால் உளவு விமானம் என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். நான் ஒரு முறை சொன்னேன், அரை மணி நேரம் போயிற்று.

நடுவானில் மோட்டார் நின்றுவிடுகிறது

சில வினாடி கழித்துத் திரும்ப ஓடுகிறதா, அடியோடு நின்றுவிடுகிறதா?

திரும்ப ஓடினால் இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்துகிறது. காரணம் பேட்டரி தீர்ந்திருக்கலாம். இறங்கியதும் அளந்து பாருங்கள், செல்லுக்கு 3.5 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் நீங்கள்தான் நேரம் அதிகம் எடுத்திருக்கிறீர்கள். பேட்டரி நன்றாக இருந்தால் சூடு. முன்னால் ப்ராப் உள்ள விமானத்தில் ப்ராப் காற்றே எல்லாவற்றையும் குளிரவைக்கும். இங்கே எல்லாம் உடம்புக்குள் புழுங்குகிறது. இறங்கிய உடனே இஎஸ்சியைத் தொடுங்கள், மூன்று வினாடி விரல் வைக்க முடியாவிட்டால் அதுதான். வயிற்றில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துளை, பின்னால் அதைவிடப் பெரிய துளை. வெளியே போகும் வழி சின்னதாக இருந்தால் உள்ளே வரும் காற்றும் வராது.

அடியோடு நின்றால் வயர் இணைப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். சால்டர் விட்டிருக்கும். பேட்டரி உப்பியிருந்தால் அதோடு முடிந்தது. ஊசியால் குத்துவது, கனம் வைத்து அழுத்துவது எல்லாம் வேண்டாம், சார்ஜும் போடாதீர்கள். வாங்கிய கடையில் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

தூறலில் பறந்தால் மூக்கு தாழ்கிறது

என் விமானத்தில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று, ஆனால் விடை பழையது. பர்ட் ரூட்டன் வடிவமைத்த வேரி-ஈஸி, லாங்-ஈஸி விமானங்களில் முன்சிறகு நனைந்தால் தூக்கும் சக்தி குறைந்து மூக்கு தாழும். விமானிகள் ஸ்டிக்கை இழுத்துப் பிடித்தே மழையைக் கடந்தார்கள். பிறகு முன்சிறகின் குறுக்குவெட்டு வடிவத்தையே மாற்றினார்கள். (இந்த லாங்-ஈஸியை அடியொற்றித்தான் பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் 1980களில் ஒரு முன்சிறகு ஆராய்ச்சி விமானத்தைக் கட்டியது.) நம் அளவில் செய்ய வேண்டியது முன்சிறகைத் துடைப்பதுதான். தூறல் இல்லாத நாளிலும் தாழ்ந்தால் முன்விளிம்பைத் தடவிப் பாருங்கள். டேப் உரிந்து நிற்கும், அல்லது விழுந்ததில் நசுங்கியிருக்கும். பின்சிறகில் இப்படி ஒரு நசுங்கல் இருந்தால் தெரியவே தெரியாது. முன்சிறகு அவ்வளவு மன்னிக்காது.

பேட்டரியைக் கழற்றியதும் பின்னால் குந்திவிடுகிறது

இதற்கு ரிப்பேர் கிடையாது. மூக்கில் இருந்த 180 கிராம் போனதும் எடை சக்கரத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. லாங்-ஈஸியும் விமானி இறங்கினால் இப்படித்தான் பின்னால் சாயும் என்பதால், மூக்குச்சக்கரத்தை மடித்து மூக்கைத் தரையில் ஊன்றி மண்டி போடவைத்து நிறுத்துவார்கள். நான் மூக்குக்கு அடியில் ஒரு பழைய செருப்பை வைத்து, முதுகில் தண்ணீர் பாட்டிலைச் சாத்திவைக்கிறேன்.